பூட்ட மறந்தவர்

"காரிலை போகலாம்தானே?" என்று கேட்பவர்களைச் சண்முகலிங்கத்தின் கண்ணில் காட்டக்கூடாது. கோயிலில் கேட்டார்கள். வேலையிடத்தில் கேட்டார்கள். ஒஸ்லோவின் குறொன்லாண்டு மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற, பெயர்கூடத் தெரியாத ஒருவரும் கேட்டார். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கொளுவி இழுக்க ஒரு சின்ன ட்ரெய்லர் தேடுகிறேன் என்று ஐம்பத்தெட்டு வயது மனுசன் சொன்னால், சனத்துக்கு வேறு கேள்வி வாயில் வராது போலிருக்கிறது.

கார் இருக்கத்தான் செய்தது. புஷ்பமலர் வேலைக்குப் போய்வரும் சின்னக் கார். அதில் அவளை ஏற்றிக்கொண்டு எங்காவது தூரப் புறப்பட்டால், ஒஸ்லோ எல்லை தாண்டுவதற்குள் அவள் நித்திரை. நாடி நெஞ்சில் முட்ட, வாய் கொஞ்சம் திறந்தபடி, போய்ச் சேரும்வரை நித்திரை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவளுக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. இவருக்கோ அல்னாபுறுவில் சரக்குக் கிடங்கில் காலை ஆறு மணி வேலை. இவர் வீட்டுக்கு வர அவள் வெளிக்கிடுவாள். ரொம்சோஸ் அடுக்குமாடியில் இருபத்தேழு வருடமாக ஒரே கதவுக்குள் குடித்தனம் நடக்கிறது. கதைபேச்சு முழுக்கக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிய துண்டுகளில்தான். "சோறு இருக்கு." "பால் முடிஞ்சுது." "மகன் போன் எடுத்தவன், நீங்கள் எடுக்கட்டாம்."

மோட்டார் சைக்கிளில் அவளால் நித்திரை கொள்ள முடியாது. அதுதான் விஷயம். இதை யாரிடமும் சொல்ல அவருக்கு வெட்கம், அதனால்தான் கேட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தார். இரண்டு கோடைக்கு முன்பு ஹெல்மெட்டுகளுக்குள் கதைக்கவும் கேட்கவும் கருவி பூட்டி, அவளைப் பின்னால் இருத்தி வடக்கே புறப்பட்டபோது, ஒட்டா என்ற சின்ன ஊர்வரைக்கும் நாலு மணித்தியாலம் அவள் கதைத்துக்கொண்டே வந்தாள். இல்லத்துக் கிழவி ஒருத்தி அவளைத் தன் தங்கை என்று நினைத்துக் கூப்பிடுவதை, பிரசவத்தில் தனக்கு வந்த பயத்தை, பதினைந்து வருடத்துக்கு முன்பு இவர் சொன்ன ஒரு சொல்லில் இன்னும் மறக்காத கோபத்தை. தன் மனிசிக்குள் இவ்வளவு கதை இருந்தது சண்முகலிங்கத்துக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஒட்டாவில் மழை பிடித்தது. பக்கப் பைகள் ஊறி, மாற்றுடுப்பு ஊறி, அவள் மடியில் வைத்திருந்த சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் தண்ணீர். அவள் ஒன்றும் கத்தவில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போய் ஒஸ்லோவுக்கு ரயில் ஏறிவிட்டாள். "இனி நான் உதிலை ஏறன்" என்றாள், அவ்வளவுதான். அவர் தனியே திரும்பி வந்தார். ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

இந்த மாசியில் அவளாகவே வாயைத் திறந்தாள். "பின்னுக்கு ஒரு பெட்டி இழுக்கிறதெண்டால் வாறன். சோறு காய்ச்சிற சட்டி, ஒரு பை புழுங்கலரிசி, நனையாத போர்வை, மடக்குக் கதிரை, என்ரை தலகணி. இவ்வளவும் வேணும். இந்த முறையும் நனைஞ்சனெண்டால், பிறகு ஒருக்காலும் கேக்கக்கூடாது."

ஆனியில் பத்து நாள், வடக்கே கடல்வரைக்கும். அதற்குத்தான் ட்ரெய்லர்.

ஒரு சாமானை வாங்குவதில் இவ்வளவு சீரழிவு இருக்குமென்று அவர் நினைக்கவில்லை. முதலில் ஒற்றைச் சில்லா இரட்டைச் சில்லா என்ற பிரச்சினை. ஒற்றைச் சில்லு மோட்டார் சைக்கிளோடு சேர்ந்து சாயும், வளைவில் சுகம், ஆனால் கொள்ளாது. படத்தைப் பார்த்த புஷ்பமலர், "இதுக்குள்ளை என்ரை தலகணிதான் போகும்" என்றுவிட்டு எழும்பிப் போனாள். சரி, இரட்டைச் சில்லு. அடுத்து, வாகனப் பத்திரத்தில் எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்று எழுதும் இடத்தைப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் கோடு. அந்தக் கோட்டில் ஓர் இலக்கத்தை ஏற்றுவதற்கு, ட்ரெய்லரை மாட்டும் கொளுவி செய்த கம்பனியின் கடிதம், அதைப் பூட்டிய கராஜின் கடிதம், பிறகு வாகனப் பரிசோதனை. கடிதத்துக்கு ஆறு கிழமை. அது வந்தபோது மோட்டார் சைக்கிளின் வருடம் பிழையாக இருந்தது. இன்னும் மூன்று கிழமை. இதற்கிடையில் பங்குனி போய், சித்திரையும் போய்விட்டது.

ட்ரெய்லரைப் பழசாக, மொஸ் என்ற கடலோரப் பட்டினத்தில் ஒரு நோர்வேக் கிழவரிடம் வாங்கினார். சிவப்புப் பெட்டி, வடிவான மூடி, ஒரு கீறல் இல்லை. அந்த வடிவில் மயங்கித்தான் கீழே குனிந்து பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சில்லைத் தூக்கிச் சுற்றினால் கறகற என்று மணல் அரைக்கிற சத்தம். உப்புக் காற்றில் பேரிங் இரண்டும் தின்னப்பட்டிருந்தன. கழற்றினார், புதுசு போட்டார், கிறீஸ் திணித்தார். டயர்களை மாற்றினார், சின்னச் சில்லு பெரிய சில்லைவிட எத்தனையோ மடங்கு சுற்றும், சீக்கிரம் தேயும். பிறகு வயரைக் கொளுவினால் பிறேக் பிடிக்கும்போது இடப்பக்கச் சிக்னல் எரிந்தது. சிக்னல் போட்டால் ஒன்றுமே எரியவில்லை. நாலு பின்னேரம் வாகனத் தரிப்பிடத்துச் சீமெந்துத் தரையில் முழங்காலில் கிடந்து, கடைசியில் எர்த் வயரைப் பிடிக்கும் துருப்பிடித்த ஆணி ஒன்றுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்த நேரம் சந்தோஷம் வரவில்லை, ஆணியைத் தூக்கி எறியத்தான் கை வந்தது.

இவ்வளவுக்கும் மேலே அருளானந்தன். கீழ்மாடியில் இருக்கும் மன்னார்க்காரன், காருக்குப் பின்னால் பெரிய ட்ரெய்லர் வைத்திருப்பவன். அதனால் சில்லு வைத்த எல்லாவற்றுக்கும் தானே ஆசான் என்ற நினைப்பு.

"அண்ணை, முன்பாரம் முக்கியம்" என்று சொல்லிக்கொண்டு வந்தான். "பாரம் பின்னுக்குப் போச்செண்டால் பெட்டி வாலாட்டும். வாலாட்டினால் நீங்கள் ரண்டு பேரும் வயலுக்குள்ளை."

"எனக்குத் தெரியும், அருள்."

"தெரியுமெண்டால் நிறுத்துப் பாத்தனீங்களோ?"

நிறுக்கவில்லை. அதுதான் எரிச்சல். புஷ்பமலர் தன் எடை பார்க்கும் தராசைக் குளியலறையிலிருந்து எடுத்து வந்தாள். அதைக் கொளுவிக்குக் கீழே வைத்து இருவருமாக நிறுத்தார்கள். அரிசியை முன்னுக்குத் தள்ளி, கதிரையைச் சில்லுக்கு மேலே வைத்து, போர்வையைப் பின்னுக்கு ஒதுக்கி, திருப்பி நிறுத்து, திருப்பித் தள்ளி. அருளானந்தன் சரியாகத்தான் சொன்னான். சரியாகச் சொல்கிறவனைத்தான் தாங்க முடியாது.

வைகாசியின் கடைசி ஞாயிறு பரீட்சார்த்த ஓட்டம். சனி பின்னேரமே எல்லாச் சாமானையும் ஏற்றி, ட்ரெய்லரின் மூக்கை மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்த கொளுவிக் குண்டின்மேல் இறக்கினார். பிடியை அமத்தினார். "கிளிக்" என்றது. பச்சை அடையாளம் தெரிந்தது. பிடித்துத் தூக்கியும் பார்த்தார். மோட்டார் சைக்கிளின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பியது. மழை படாமல் கொளுவியின் மேலே ஒரு கறுப்பு உறையை மாட்டினார். சண்முகலிங்கம் கிடங்கில் வேலையிடப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர். பதினொரு வருடமாக, கொளுவியை ஒன்றுக்கு இரண்டு தரம் பார் என்று இளம் சாரதிகளின் காதைத் தின்பவர். அவர் பூட்டினால் பூட்டினதுதான்.

காலையில் புஷ்பமலர் அவருக்கு முதலே திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். "தலகணியை வைச்சிட்டு நிக்கிறன், நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வாங்கோ" என்றாள். அவர் போய் டயருக்குக் காற்றுப் பார்த்தார். லைற்றுகளைப் பார்த்தார். கொளுவியைப் பார்க்கவில்லை. நேற்றுத் தன் கையால் பூட்டிய கொளுவி, பூட்டிய தரிப்பிடத்துக்குள் நின்றது. அதில் என்ன பார்க்க இருக்கிறது?

ரொம்சோஸ் சுற்றுவீதியின் சரிவில் இரண்டாவது வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னால் "டக்" என்றது. அடுத்த கணம் இரும்பு தார் ரோட்டில் அரையும் சத்தம். பெட்டியை மோட்டார் சைக்கிளோடு சேர்த்துக் கட்டியிருந்த காப்புச் சங்கிலி இழுத்துப் பிடித்தது. அது இல்லாவிட்டால் பெட்டி சரிவில் தனியே போய் பஸ் தரிப்பில் நின்ற சனத்துக்குள் புகுந்திருக்கும். மெல்ல மெல்லப் பிறேக் பிடித்து ஓரங்கட்டினார். மூடி திறந்து, புழுங்கலரிசி ரோடு முழுக்கக் கொட்டியது. தலகணி ஓரத்துத் தண்ணீரில் கிடந்தது.

புஷ்பமலர் இறங்கி நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் கீழே எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து ஏதோ எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். தலகணியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் மேட்டில் நடந்து போனாள். ஒட்டாவில் போனதும் அப்படித்தான். அவள் போவதைப் பார்க்கச் சண்முகலிங்கத்துக்கு அழுகை வந்தது. அழவில்லை, ட்ரெய்லரின் சில்லுக்கு ஓங்கி ஓர் உதை விட்டார். கால்தான் நொந்தது.

உதவிக்கு அருளானந்தன்தான் வந்தான். கொளுவியைக் கையால் தடவிப் பார்த்தான்.

"அண்ணை, ஒண்டும் உடையேல்லை. நீங்கள் பூட்ட மறந்திட்டியள்."

"நான் பூட்டினனான்."

"பூட்டினால் கழராது."

"நான் பூட்டினனான் எண்டு சொல்லுறன்."

"எல்லாருக்கும் வாறதுதான் அண்ணை. வயசு போகுதெல்லோ."

அந்தக் கடைசி வசனத்துக்காக அவனைச் சரிவில் உருட்டிவிடலாம் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமைக்குள் கதை கோயில்வரைக்கும் போய்விட்டது. துரொண்ட்ஹைமில் இருக்கும் மகன் ஹரிசன், "பாதுகாப்புப் பொறுப்பாளர் பூட்ட மறந்தாரோ?" என்று சிரிக்கும் முகங்கள் ஐந்தாறு சேர்த்து அனுப்பியிருந்தான். வீட்டில் புஷ்பமலர் பயணத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. குளிர்சாதனப்பெட்டியில் துண்டு மட்டும் ஒட்டியிருந்தது. "சோறு இருக்கு."

பழுதான கொளுவியை என் தலையில் கட்டிவிட்டான் கிழவன் என்று சண்முகலிங்கம் முடிவு கட்டினார். ஆணிகள் இரண்டையும் கழற்றி, ட்ரெய்லரின் மூக்கிலிருந்த கொளுவித் தலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு மொஸ்ஸுக்கு ஓடினார். வழி நெடுகச் சொல்லவேண்டியதையெல்லாம் நோர்வே மொழியில் அடுக்கி வைத்தார். கிழவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கொளுவித் தலையை வாங்கித் தன் காரின் குண்டின்மேல் வைத்தார், பிடியை அமத்தினார். கிளிக், பச்சை. காலைக் கொடுத்து இழுத்துக் காட்டினார். இன்னொரு தரம். மூன்றாம் தரம்.

"பூட்டினால் கழராது" என்றார் கிழவர் மெதுவாக. அருளானந்தனின் அதே வசனம். கோப்பி வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்றைக்குத்தான் முதன்முதலாக அவருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. கிளிக் கேட்டேனா, கேட்டதாக நினைத்தேனா? பச்சை அந்தச் சனிக்கிழமையில் பார்த்ததா, அதற்கு முதல் பழகிப் பார்த்தபோது பார்த்ததா? கிடங்கில் ஒரு பொடியன் லொறியைக் கொளுவிக்கொண்டு நின்றபோது, வழக்கம்போலச் சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமல் விலகிப் போனார்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து, கொளுவித் தலையை மறுபடி பூட்டுவதற்காகப் பழைய கிறீஸைத் துடைத்தார். பிடியின் அடியில், சுருள்கம்பிக்குப் பக்கத்தில், ஏதோ சுற்றிக்கொண்டு கிடந்தது. கறுப்பாக, வயர்த் துண்டு போல. இடுக்கியால் இழுத்தார். தின்னரில் தோய்த்துத் துடைத்தபோது கறுப்புப் போய்ச் சிவப்பு வந்தது. நூல். கோயிலில் ஐயர் கட்டிவிடும் சிவப்பு நூல். அதே நூல் புஷ்பமலரின் மணிக்கட்டிலும் இருந்தது.

சண்முகலிங்கம் அந்த நூலைக் கைக்குள் பொத்திக்கொண்டார். பிறகு எழும்பினார். நான் பூட்டினனான். நான் பூட்டினனான். லிப்டுக்குக்கூடக் காத்து நிற்கவில்லை. ஐந்து மாடியும் படியிலேயே ஏறினார். அருளானந்தனுக்குக் காட்டவேண்டும், ஹரிசனுக்குப் படம் எடுத்து அனுப்பவேண்டும், மொஸ்ஸுக்காரருக்குக்கூட ஒரு தகவல் போடலாம். முதலில் இவளிடம் கேட்கவேண்டும்.

புஷ்பமலருக்கு அன்று லீவு. குசினியில் மேசைமேல் புதுப் பை புழுங்கலரிசி. பக்கத்தில் சோற்றுச் சட்டி. தலகணிக்குப் புது உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு வந்தது" என்றாள் அவரைப் பார்க்காமலே. "உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். ஏசக்கூடாது."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நூல் கைக்குள் இருந்தது.

"நீங்கள் இந்தப் பெட்டிக்கு ஒண்டும் செய்ய விடேல்லை. புது வாகனம் வந்தால் சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு நசிக்காமல் ஆரும் ஓடுவினமோ? கேட்டால் சிரிப்பியள். அதாலை நான் கோயிலிலை ஒரு தேசிக்காய் வாங்கி, ஐயரிட்டைக் குடுத்து எடுத்து, அண்டைக்குக் காலமை உங்களுக்குத் தெரியாமல் கட்டினனான்."

"எங்கை கட்டினனீர்?"

"பின்னுக்கு, அந்தக் கறுப்பு உறைக்குக் கீழை ஒரு பிடி இருக்கெல்லோ, அதிலை. நூல் உள்ளுக்குப் போகேல்லை. பிடியைக் கொஞ்சம் தூக்கிப்போட்டுக் கட்டி, திருப்பி வடிவா அமத்திவிட்டனான்."

வடிவாக அமத்திவிட்டாள். நூலும் தேசிக்காயும் இடையில் நிற்க, பூட்டு எங்கே பிடிப்பது? தேசிக்காய் அறுந்து விழுந்த பிறகு மொஸ்ஸில் அது பிடித்ததில் என்ன அதிசயம்? சண்முகலிங்கம் வாயைத் திறந்தார்.

"அந்தத் தேசிக்காய் சில்லுக்குக் கீழை நசிஞ்சு கிடந்தது, நான்தான் குனிஞ்சு எடுத்தனான்" என்றாள் புஷ்பமலர். இப்போது நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நீங்கள் வைக்க விடாத இடத்திலை அது தானாப் போய் நசிஞ்சு கிடந்தது. எங்களுக்கு வரவேண்டியதை அது வாங்கிப்போட்டுது. அண்டைக்கு நடந்து வரேக்கை இனி ஏறவே மாட்டன் எண்டுதான் நினைச்சனான். நாலு நாளா யோசிச்சன். அது காப்பாத்தினதெண்டால் ஏன் பயப்பிடவேணும்? நான் வாறன்."

நூலைக் காட்டினால் என்ன நடக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய கைதான் இரண்டு பேரையும் ரோட்டில் விழுத்தப் பார்த்தது, பஸ் தரிப்பில் நின்ற சனத்தையும் கொல்லப் பார்த்தது என்று தெரிந்தால், இவள் பெட்டியைத் தொடமாட்டாள், மோட்டார் சைக்கிளைப் பார்க்கவும் மாட்டாள். இரவிரவாக அதையே நினைத்துக்கொண்டு கிடப்பாள். பதினைந்து வருடத்துக்கு முன்பு சொன்ன ஒரு சொல்லை மறக்காதவள். இதை மறப்பாளா?

நெஞ்சுக்குள் கொதித்தது. பதினொரு வருடத்து நல்ல பேர் அந்த நூலில்தான் இருந்தது.

"ஏன் பேசாமல் நிக்கிறியள்?"

"ஒண்டுமில்லை" என்றார். கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டு நூலை அங்கே விட்டார். "நான்தான் பூட்ட மறந்திட்டன்."

"அது தெரியும்" என்றாள் புஷ்பமலர், தலகணியைத் தட்டிக்கொண்டு. "நேற்றும் ஒரு தேசிக்காய் வாங்கினனான். புறப்படேக்கை அதே இடத்திலை கட்டுவம்."

"அங்கை வேண்டாம்." அவசரத்தில் குரல் உயர்ந்துவிட்டது. தணித்துக்கொண்டார். "முன்னுக்குக் கட்டும், லைற்றுக்குக் கீழை. கண்ணூறு முன்னாலைதானே வரும். பின்னுக்குக் கட்டினால் அது வந்து சேர்ந்த பிறகெல்லோ தேசிக்காய்க்குத் தெரியும்."

புஷ்பமலர் அவரை அதிசயமாகப் பார்த்தாள். இருபத்தேழு வருடத்தில் அவர் இப்படிக் கதைத்ததை அவள் கேட்டதில்லை.

"இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்றாள்.

ஆனி பிறந்து இரண்டாம் சனிக்கிழமை காலை புறப்பட்டார்கள். கொளுவியை அவர் மூன்று தரம் பார்த்தார். வழியனுப்ப வந்த அருளானந்தன் நாலாம் தரம் பார்த்து, "இப்ப சரி அண்ணை, இப்ப பூட்டியிருக்கு" என்று முதுகில் தட்டினான். சண்முகலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓம், நன்றி" என்றார். முன்லைற்றுக்குக் கீழே தேசிக்காய் ஆடிக்கொண்டிருந்தது.

ட்ரெய்லரோடு எண்பதுக்கு மேலே போகக்கூடாது. வடக்கே போகும் பெருந்தெருவில் லொறிகள், கூடார வண்டிகள், கிழவன் கிழவி ஓட்டும் கார்கள் எல்லாம் அவரை முந்திப் போயின. ஹாமரில் நிறுத்தி, புதுப் பேரிங் போட்ட சில்லுக் குடங்களைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. கொளுவி பச்சை. அதற்குப் பிறகு புஷ்பமலர் பாரிசில் இருக்கும் தங்கையை ஹெல்மெட்டுக்குள்ளேயே கூப்பிட்டாள். அக்காவும் தங்கையும் கதைப்பது முழுக்க அவர் காதிலும் விழுந்தது.

"இவர் பூட்ட மறந்திட்டார் எண்டிறன். ஓமடி, வேலையிடத்திலை எல்லாருக்கும் புத்தி சொல்லுறவர். அந்தத் தேசிக்காய் மட்டும் இல்லாட்டி நாங்கள் இண்டைக்கு இல்லை."

தங்கை பாரிசிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அத்தான், உண்மையோ?"

"ஓம்" என்றார் சண்முகலிங்கம். "உண்மைதான்."

கதை விரிந்துகொண்டே போனது. சரிவு செங்குத்தாகியது, அரிசி ஒரு மூட்டையாகியது. அவர் ஒன்றையும் திருத்தவில்லை. பிறகு ஒரு வளைவு திரும்ப, ஒட்டா என்ற பெயர்ப்பலகை தெரிந்தது. அவர் கை தானாகவே வேகத்தைக் குறைத்தது. காதுக்குள் புஷ்பமலரின் குரல் நின்றது. அவள் அன்றைக்கு ரயில் ஏறிய ஸ்டேஷனின் கூரை தெரிந்தது. வானம் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"ஏன் மெதுவாக்கிறியள்?" என்றாள். "போங்கோ. நான் இவளுக்குக் கதையை இன்னும் முடிக்கேல்லை."